ஒரு லயத்துக்கு ஐந்து ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் பூட்டுகிறவனுக்குக் காது அவ்வளவு முக்கியமில்லை. கட்டிலுக்கு அடியில் புகுந்து வெளியே வர முழங்கால்தான் வேண்டும். எந்த வயர் எந்த ஓட்டைக்கு என்று தெரியாமல் வியர்த்த எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். கொட்டகலை பஜாரில் நான் பூட்டிய ஒரு செட்டின் அதிர்வில் எதிர்மலைக் கொழுந்து தானாக உதிர்ந்திருக்கிறது. பார்த்த சாட்சி மூன்று பேர். அதில் இரண்டு பேர் நான். ஆனால் கீழே வருவதை மட்டும் நம்புங்கள்.

ஓட்டைக்குள் நெருப்பு

மாணிக்கம் அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் இரைச்சலுக்குள்ளேயே வேலை பார்த்து ஓய்ந்தவர். காது மந்தம். போனில் பேசினால் அவருக்குக் கேட்பதில்லை என்று, குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் கலா ஒரு பழைய லேப்டாப்பும், ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பெரிய பேஸ் பெட்டியும் உள்ள செட்டும் அனுப்பியிருந்தாள்.

நான் போனபோது லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. உள்ளே சிவப்பாக எரிகிறதாம்! "நெருப்பில்லண்ணே, டிஜிட்டல் சத்தம். இந்த வயருல சத்தம் வெளிச்சமாப் போகும்" என்றேன். கேபிள் நுனியில் கழற்றாமலிருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டுச் செருகி, சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டைத் தெரிவு செய்தேன். பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்று, குரல் முழுக்க நடு ஸ்பீக்கரில் வரும்படியும் வைத்தேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த வெளிச்சத்த மூணு தடவ உத்துப் பார்த்தா குவைத்தே தெரியும்ணே."

நாலாம் நாள் பஜாரில் என்னைப் பிடித்துக்கொண்டார். "மூணு நாளாப் பார்க்கிறேன் பாஸ், குவைத்தும் தெரியல, கண்டியும் தெரியல!"

காம்பராவுக்கு ஒன்று

ஒரு மாதம் கழித்து, ஞாயிறு நாலு மணிக்கு, கலா பேசும் நேரத்தில் எட்டிப் பார்த்தேன். வீட்டில் பேஸ் பெட்டி மட்டும் இருந்தது. வெளிநாட்டுப் பெட்டி வந்தால் சவர்க்காரமானாலும் சொக்லேட்டானாலும் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் பங்கு வைப்பதுதான் அங்கே வழக்கம். அண்ணன் ஸ்பீக்கரையும் பங்கு வைத்துவிட்டார், சுற்றியுள்ள ஒவ்வொரு காம்பரா வீட்டுக்கும் ஒன்று! சுவர் கூரையைத் தொடாத பழைய லயம். வயரெல்லாம் சுவருக்கு மேலால் போயிருந்தது. இருப்பதிலேயே பெரியது என்று, உறுமல் மட்டும் வரும் பேஸ் பெட்டி தனக்கு.

திரையில் கலாவின் வாய் அசைந்தது. இங்கே தரை நடுங்கியது. அவள் குரல் அடுத்த காம்பராவிலிருந்து சுவருக்கு மேலால் மெல்ல வந்தது: "அப்பா, இங்க முடியலப்பா. அடுத்த ஞாயித்துக்கிழம முடிவு சொல்லணும். வந்திரவா, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கவா?"

அண்ணன் தலையாட்டினார். "சரிம்மா, சந்தோஷமா இரு."

கலா சிரிக்கப் பார்த்தாள், படம் அணைந்தது. கேட்டதை நான் அவர் காதருகே கத்திச் சொன்னேன். அவர் என் முதுகில் தட்டினார். "குவைத்தக் காட்டுன ஆளுதானே நீங்க? போங்க பாஸ், எம்மக நல்லாத்தான் இருக்கா."

புஷ்பத்தின் காது

அடுத்த காம்பரா புஷ்பம் கொழுந்து பறிக்கிறவள். நடு ஸ்பீக்கர் அவளுடைய பங்கு. மூன்று வாரமாக எல்லாம் கேட்டிருக்கிறாள். நீயாவது சொல்லக்கூடாதா என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எப்படிண்ணே சொல்றது, ஒட்டுக்கேட்டேன்னு ஆயிரும். காதப் பொத்திக்கலாம்னா, சோறாக்க ரெண்டு கையும் வேணுமே!"

உள்ளே கம்பி இல்லை

மகள் வாயாலேயே அவர் கேட்க வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சனிக்கிழமை ஸ்பீக்கரைத் திருப்பிக் கேட்கப் போனேன். விஷயம் தெரிந்ததும் யாரும் முகம் சுளிக்கவில்லை. பின்காம்பராவில் சாமித் தட்டிலிருந்து சந்தனப் பொட்டோடு எடுத்துக் கொடுத்தார்கள்.

எல்லாம் சேர்ந்தது, லேப்டாப்பில் செருகும் கேபிளைக் காணோம். தோட்டத்தில் கரண்டு வேலை பார்க்கும் செல்வம், மறுபக்கத்துக் காம்பராக்காரன், நீளமாக்கித் தருகிறேன் என்று முந்தின நாள்தான் கொண்டுபோய் வெட்டியிருக்கிறான். இரண்டு துண்டையும் கொண்டுவந்து நீட்டி, என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"உள்ள ஒரு கம்பி கூட இல்ல பாஸ், வெறும் நைலோன் நூலு. ஒங்கள நல்லா ஏமாத்திட்டாங்க!"

ஞாயிறு, நாலு மணி

வெளிச்சம் போகிற அந்த நூலை ஒட்ட முடியாது. மறுநாள் ஹட்டனில் கடை கடையாக ஏறி இறங்கி, மூன்றாவது கடையில் ஒரு கேபிள் கிடைத்தது. பஸ்ஸில் அதைச் சுருட்டாமல் மடியில் பச்சைப்பிள்ளை போல வைத்துக்கொண்டு வந்தேன். செருகும்போது நாலு அடிக்க ஐந்து நிமிஷம்.

"அப்பா, கடைசியாக் கேக்குறேன். வரவா, இருக்கவா?"

குரல் காம்பராவை நிறைத்தது. அண்ணன் திரையை விட்டுவிட்டு நடு ஸ்பீக்கரைப் பார்த்தார். 

"இத்தன வாரமா இதத்தான் கேட்டியா?" என்றார். பிறகு, ரோலருக்கு மேல் கத்திப் பழகிய அந்தத் தொண்டையைத் திறந்தார். "வாம்மா. மொதல்ல கெளம்பி வா!"

வலப்பக்கச் சுவருக்கு மேலிருந்து, "வா புள்ள!" என்றாள் புஷ்பம். இடப்பக்கமிருந்து செல்வம். பின்னாலிருந்து சந்தனப் பொட்டுக்காரர்கள். முன்வாசலில் வழியே போன யாரோகூட.

கலா அழுதுகொண்டே சிரித்தாள். "அப்பா, இப்ப எத்தன ஸ்பீக்கர் வச்சிருக்கீங்க?"

இத்தனை வருஷத்தில் நாலு பக்கமும் குறையில்லாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான், அந்தக் குரல்களில் ஒன்றுக்குக்கூட நான் வயர் இழுக்கவில்லை.