ஒரு பகல் மட்டும் பூத்த தோட்டம்

யோசனை வந்தது ஒரு போட்டோவிலிருந்து. ரியாத்திலிருந்து விடுப்பில் வந்த பக்கத்துத் தெருக்காரர் கையில் அத்தா, அதாவது என் அப்பா, கொடுத்தனுப்பிய பொட்டலத்தில், சோப்புகளுக்கும் தைலக் குப்பிக்கும் நடுவில் அது இருந்தது. நாலு சாலைகள் கூடுமிடத்தில் ஒரு வட்டத் திட்டு. அதில் பாய் விரித்த மாதிரி சிவப்பும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கள். அவற்றுக்கு முன்னால், மடிப்புக் கலையாத சட்டையில் அத்தா. பின்பக்கம் அவருடைய சாய்ந்த எழுத்தில், ‘பாலைவனத்திலேயே எப்படிப் பூக்குது பாரு!’

எனக்கு அப்போது பதினொரு வயது. வாசித்த கையோடு நிமிர்ந்து எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தேன். வெறும் மண். பாலைவனத்தில் முடிகிறது, ஆற்றுத் தண்ணீர் பாயும் கூத்தாநல்லூரில் முடியாதா? முடியும் என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன். எதையும் அந்த நிமிடமே தீர்மானிப்பதுதான் அன்றும் இன்றும் என் வியாதி.

வீடு புத்தம் புதுசு. ஊருக்கு வெளியே, அதுவரை நெல் விளைந்த நிலத்தை வாங்கி அத்தா கட்டியது. கட்டடம் நிற்கும் இடத்துக்கு மட்டும் மண் அடித்து உயர்த்தியிருந்தார்கள். முன்பக்கம் கேட் வரைக்கும் பழைய வயலாகவே விட்டிருந்தது. சித்திரையில் மவுலூது ஓதிக் குடிவந்தோம். அத்தாவால் வர முடியவில்லை. அவருடைய ஒப்பந்தம் ஐப்பசியில்தான் முடிகிறது.

அந்த ஐப்பசிதான் வீட்டில் எல்லோருக்கும் பேச்சு. “வீடு முடியட்டும், வந்துடுறேன். அப்புறம் போகவே மாட்டேன்” என்று அஸ்திவாரம் போடும்போதே அத்தா அம்மாவிடம் சொல்லியிருந்தார். வீடு முடிந்துவிட்டது. இனி அவர் இன்னொரு இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவாரா, பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவாரா என்பது மட்டும்தான் பாக்கி. அம்மா அதை நேரடியாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் முன்பக்கத்து மண்ணில் ஒரு செடிகூட வைக்க விடமாட்டார்.

“அது அத்தா வந்து வைக்கிறதுக்கு. நீ சும்மா இரு.”

என் கணக்கு வேறு. வெறும் மண்ணைப் பார்க்க யாராவது விமானம் ஏறி வருவார்களா? தோட்டம் பூத்துக் குலுங்கினால்தான் பார்க்க ஆசை வரும். நாலு நாள் நச்சரித்ததில் அம்மா கையை விரித்தார். “என்னமோ செய். படிப்பு கெடக் கூடாது.”

எனக்குத் துணை மாமா. அம்மாவின் தம்பி. விசா வரும் வரும் என்று காத்திருந்த காலம் அது. எந்த நேரம் கூப்பிட்டாலும் கிளம்பத் தயாராக, பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். காத்திருந்த நேரத்தில் ஊரில் உள்ள ரேடியோக்களை எல்லாம் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டிக் கொடுப்பார். மன்னார்குடி சாலையில் நர்சரி வைத்திருந்தவருடைய டேப் ரெக்கார்டர் மாமா கைபட்டுத்தான் பிழைத்திருந்தது. அந்த நன்றியில் செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூக் கன்றுகளும், ஜினியா, காசித்தும்பை, செண்டுப்பூ நாற்றுகளும் ஒரு கூடை நிறையக் கிடைத்தன.

அது குறுவை நடவு நேரம். கேட்டுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் நடவு. செடி நடுவது என்றால் எப்படி என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பானேன், கண்ணெதிரே நடக்கிறதே! மாமாவும் நானும் முன்பக்கத்தைக் கொத்தினோம், நாலு பக்கமும் வரப்பு கட்டினோம், தண்ணீர் விட்டுச் சேறாக மிதித்தோம். ஓரத்தில் செம்பருத்தி வகையறா, நடுவில் கயிறு பிடித்து வரிசை வரிசையாக ஜினியா. அப்புறம் மோட்டாரைப் போட்டுக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீரைத் தேக்கினோம். பூச்செடிகள் தண்ணீருக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன.

இன்று சொன்னால் சிரிக்கிறார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. கேட்டைத் தாண்டி வயலுக்குப் போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்துப் பாராட்டினார்கள். நடவு முடிந்து திரும்பிய பெண்கள் கூட்டத்தில் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, “தண்ணி நல்லா கட்டியிருக்கியே பாப்பா, எங்க ஊட்டு ஆம்பளைங்களுக்குக்கூட இப்படி வராது” என்றார். மாமா பக்கத்தில் நின்று, “நாத்தங்கால்ல களை எடுக்கணும்னா சொல்லி அனுப்புறோம்” என்றார். பூச்செடி நெல் இல்லை என்பது நெல்லையே பார்த்து வளர்ந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பத்தாம் நாள் இலைகள் மஞ்சளாயின. “பயிர் வெளுத்தா என்ன போடுவாங்க?” என்று கேட்டேன். “யூரியா” என்றார் மாமா. போட்டோம். அதற்கடுத்த வாரம் காசித்தும்பையின் தண்டு தொட்டாலே கையோடு வந்தது. வேர்ப்பக்கம் கருத்து, நாற்றம் அடித்தது. ஓரத்தில் இருந்த இட்லிப்பூக் கன்று ஒன்று மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் உயிரோடு இருந்தது.

நான் அழுதேன். அம்மா என் கையில் இருந்த சேற்றைக் கழுவிவிட்டார். “போவட்டும் விடு. அத்தா வந்து பார்த்துப்பாங்க” என்றார். அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தேன்.

ஆவணியில் பக்கத்துத் தெருக்காரருக்கு விடுப்பு முடிந்தது. அவர் ரியாத்துக்குத் திரும்பும்போது ஊரில் பாதிப் பேர் அவரிடம் பொட்டலம் கொடுப்பார்கள். எங்கள் பொட்டலத்தில் முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு கேசட். கடிதத்தில் எழுத வராததை எல்லாம் அம்மா கேசட்டில்தான் பேசுவார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே நின்று நான் ஒட்டுக்கேட்டேன்.

“முன்னாடி மண்ணு வெறுமனே கெடக்கு. புள்ள ஆசைப்பட்டு என்னமோ வச்சா, எல்லாம் அழுகிப் போச்சு. நீங்க வந்துதான் ஏதாச்சும் வைக்கணும். வீடு முடிஞ்சிருச்சுங்க.” “முடிஞ்சிருச்சு” என்று இன்னொரு முறை சொன்னார்.

அழுகிப் போன தோட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள்? அம்மாவே காரியத்தைக் கெடுக்கிறாரே!

மாமாவிடம் ஓடினேன். அவர் ஒரு ரேடியோவின் வயிற்றிலிருந்து தலையைத் தூக்கி, “இவ்வளவுதானே?” என்றார்.

மறுநாள் அம்மா ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போனார். பஸ் கிளம்பியதும் மாமா நர்சரிக்குப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

“செடிய வாடகைக்கா? கல்யாண மேடைக்குத்தான் அப்படிக் கேப்பாங்க” என்றார் நர்சரிக்காரர்.

“எங்க ஊட்டுலயும் மாப்பிள்ளை வராருங்க. எங்க மச்சான்” என்றார் மாமா.

டயர் வண்டியில் பூத்த தொட்டிகளாகப் பார்த்து ஏற்றி வந்தோம். ஜினியா, செண்டுப்பூ, பூவோடு கூடிய செம்பருத்தி. மண்ணில் குழி தோண்டித் தொட்டியை விளிம்பு வரை இறக்கி, மேலே மண்ணைத் தள்ளி மறைத்தோம். உச்சி வெயிலுக்குள் எங்கள் வாசல் ரியாத் ஆகிவிட்டது. அத்தா வாங்கி வந்த கேமராவில் மாமா மூன்று படம் எடுத்தார். ரோலில் மிச்சம் இருந்ததை வீணாக்கக் கூடாது என்று செம்பருத்திக்கு முன்னால் தன்னை ஏழு படம் எடுக்கச் சொன்னார். விசாவுக்கு ஆகும் என்றார். மூன்று மணிக்குத் தொட்டிகள் எல்லாம் வண்டி ஏறித் திரும்பிப் போயின.

சாயங்காலம் அம்மா வந்து கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டார். “என்னடா இது, இவ்வளவு குழி?”

“தென்னங்கன்னு வைக்கலாம்னு பாத்தேங்க்கா.”

“முழத்துக்கு ஒரு தென்னையா?”

“நெருக்கி வச்சா காத்துக்குச் சாயாது.”

அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். ஒப்பந்தம் முடியும் வரை வந்த நாட்களில் அவர் மனம்விட்டுச் சிரித்தது அநேகமாக அதுதான்.

மன்னார்குடி ஸ்டுடியோவில் கழுவி வாங்கிய படத்தின் பின்னால், ‘அத்தா, நம்ம வீட்டுத் தோட்டம். சீக்கிரம் வந்து பாருங்க’ என்று எழுதினேன். முறுக்குக்கும் கேசட்டுக்கும் நடுவில் செருகினேன். அம்மாவுக்குத் தெரியாது.

அத்தாவின் பதில் கேசட் புரட்டாசிக் கடைசியில் வந்தது. மூன்று பேரும் கூடத்து மொசைக் தரையில் உட்கார்ந்து கேட்டோம். அத்தா சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“போட்டோ பாத்தேன் தங்கம். ரூம்ல எல்லாருக்கும் காட்டினேன். என்னா பூ, என்னா பூ! உங்கம்மா சாமர்த்தியத்தப் பாத்தியா? மண்ணு வெறுமனே கெடக்கு, செடி அழுகிப் போச்சுன்னு கேசட்ல அழுவுறா. போட்டோல பாத்தா இப்படிப் பூத்துக் கெடக்கு. என்னை வரவழைக்க என்னா பொய் சொல்றா பாரு!” மறுபடி சிரிப்பு. பிறகு குரல் தணிந்தது. “நான் இல்லாட்டியும் வீட்ட இவ்வளவு நல்லாப் பாத்துக்கிறீங்க. மனசு நெறஞ்சு போச்சு. அந்தத் தைரியத்துல இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

அம்மா டேப்பை நிறுத்தினார்.

மாமா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் அடி விழும் என்று முதுகை வளைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“தொட்டியெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சா?” என்றார் அம்மா.

“குடுத்தாச்சுங்க்கா.”

“சரி.” எழுந்து அடுப்படிக்குப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரத்தில், அத்தா பக்கத்துத் தெருக்காரர் வீட்டு போனுக்கு அழைத்தார். அம்மா பேசும்போது நான் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்தேன். அந்தப் பக்கம் அத்தா சிரிப்பது எனக்கே கேட்டது. அம்மாவும் சிரித்தார்.

“ஆமாங்க. பொய்தான் சொன்னேன்” என்றார்.

நான் பிழைத்தேன் என்று தெருவில் குதித்துக்கொண்டு ஓடினேன். அம்மாவுக்கு ஒன்றும் பெரிய வருத்தம் இல்லை போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே பேசினாரே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் மகள் பொய்க்காரி ஆவாள், போட்ட கையெழுத்து மட்டும் அழியாது. இரண்டு பேரில் ஒருவர் பொய்க்காரியாக இருக்கத்தான் வேண்டும் என்றால் அது தானாகவே இருக்கட்டும் என்று, ரிசீவரைக் காதில் வைத்திருந்த அந்தச் சில விநாடிக்குள் அவர் முடிவு செய்திருக்கிறார். எனக்கு அது விளங்க வெகுகாலம் ஆனது. அத்தனை வேகமாகத் தீர்மானிக்கும் நானே அம்மாவின் வேகத்தைக் கவனிக்கவில்லை.

அந்த இரண்டு வருடம் நாலானது, ஆறானது, பத்தானது. அத்தா நிரந்தரமாக வந்து இறங்கியபோது நான் கல்லூரியை முடித்துச் சென்னைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அதன்பின் அத்தாவும் நானும் ஒரே வீட்டில் ஒன்றாக இருந்தது மொத்தமாகப் பதினைந்து நாள்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தா இந்தக் கதையைச் சொல்கிறார். “என்னைக் கூப்பிட்டுக்க இவ எப்படிப் பொய் சொன்னா தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். பெருமையாகத்தான் சொல்கிறார். அம்மா தேநீர்த் தட்டை வைத்துவிட்டு, முதல் தடவை கேட்பவர் மாதிரி சிரிக்கிறார். மாமா ஷார்ஜாவில் இருப்பதால் அவருக்குத் தர்மசங்கடம் இல்லை. நான் ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன். என்னைப் பெண் பார்த்துப் போனவர்கள் விருந்துக்கு வருகிறார்கள். நிச்சயம் அத்தா ஆரம்பிப்பார். இந்த முறை எழுந்து போவதாக இல்லை. அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்பார், அதையும் பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும். மற்றதை எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. முதல் வரி மட்டும் வாயில் இருக்கிறது.

“அத்தா, அம்மா சொன்னது நெஜம்.”