மகுடேஸ்வரன் தலையில் ஒரு டேமேஜ்

மற்றவர்கள் ஓர் ஆளைப் பார்த்தால் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். நல்லூர் மகுடேஸ்வரன் தையலைப் பார்ப்பார். கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கப் போனவர், கொடுத்த கையை விடாமலே சட்டையின் அக்குள் பக்கத்தைப் புரட்டி, "இந்த எடத்துல ஒரு தையல் விட்டுப்போச்சுங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுத்தான் கேமரா பக்கம் திரும்புவார். போட்டோக்காரர் "சிரிங்க" என்பார். சிரிக்கிற நிலைமையில் மேடையில் அவர் ஒருத்தர்தான் இருப்பார்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் இன்சார்ஜ். நெய்து வரும் துணி, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜைமேல் ஓடும். எதிரே மகுடேஸ்வரன் நிற்பார். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி ஒடிந்து விழுந்த கோடு, எதுவும் அவர் கண்ணில் படாமல் அந்த மேஜையைத் தாண்டியதில்லை. கண்டால், சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து, முனை பழுதைக் காட்டும்படி ஒட்டுவார். ஒட்டினால் ஒட்டியதுதான். முதலாளியே வந்து நின்றாலும் அம்பு காட்டுகிற இடத்தைத்தான் பார்ப்பார். வேறு இடத்தைப் பார்க்க அவருக்கும் தைரியம் கிடையாது.

அம்பு வீட்டுக்கும் வரும். தோசை ஓரம் கருகியிருந்தால் தட்டின் விளிம்பில் ஒன்று ஒட்டியிருக்கும். "இதக் கொண்டுபோயி உங்க நெத்தியில ஒட்டிக்கங்க. டேமேஜு எங்க இருக்குதுன்னு ஊருக்கே தெரியட்டும்" என்பார் மனைவி தெய்வாத்தாள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் போன ஆடிக் காற்றோடு சேர்ந்து தலைவலி வந்தது. இடது பக்கம் மட்டும், உள்ளிருந்து யாரோ பொத்தான் துளை போடுவதுபோல. வலிக்கு முன்னால் வலது கை விரல்கள் மதமதத்துப் போகும். அப்புறம் வார்த்தைகள் காணாமல் போக ஆரம்பித்தன. டீக்கடையில் நின்று காபி கேட்க வாயைத் திறந்தவர், "ஒரு காலர் குடுங்க" என்றார். கடைக்காரர் திருப்பூர்க்காரர். பால் பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்த சைஸுங்க?" என்றார்.

வீட்டில் தலைவலி என்று மட்டும் சொன்னார். தெய்வாத்தாள் உடனே மூலனூரிலிருக்கும் தம்பி நல்லானுக்குப் போன் போட்டார். நல்லான் ஒரு சாக்கு முருங்கைக்கீரை அனுப்பினார். மூலனூரில் எல்லா வியாதிக்கும் ஒரே மரந்தான். லேசான வியாதி என்றால் கீரை, முற்றிவிட்டால் காய்.

விரல் விஷயத்தையும் வார்த்தை விஷயத்தையும் மகுடேஸ்வரன் செல்போனிடம் மட்டும் சொன்னார். அது பக்கத்துக்கு ஒரு வியாதி கொடுத்தது. மூளையில் கட்டி என்றது, ரத்தக்குழாய் வெடிப்பு என்றது, கடைசியாகச் செம்மறி ஆடுகளுக்கு வரும் ஒரு நோயைக் காட்டியது. அதன் அறிகுறிகளும் கச்சிதமாகப் பொருந்தின.

சாவதைப் பற்றிக்கூட அவர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் தலை கெட்டுவிட்டது என்று தெரிந்தால் அந்தக் கண்ணை எவன் நம்புவான்? கண்ணை நம்பாவிட்டால் மகுடேஸ்வரன் எதற்கு? அதனால் டாக்டரிடம் போகாமல் இருந்தார். செக் பண்ணாத துணியில் டேமேஜ் இருப்பதாகக் கணக்கில் வராது அல்லவா?

புரட்டாசியில் ஒரு மதியம், வெள்ளைத் துணி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பளிச்சென்று ஒரு கோடு. பல் பல்லாக வளைந்து, ஓரமெல்லாம் மினுங்கிக்கொண்டு ஓடியது. மகுடேஸ்வரன் மிஷினை நிறுத்தினார். துணி நின்றது. கோடு நிற்கவில்லை.

அவருக்கு வேர்த்துவிட்டது. தனக்கு அடுத்த பொறுப்பிலிருக்கும் சதீஷ்குமாரைக் கூப்பிட்டார்.

"சதீசு, இங்க ஒரு கோடு ஓடுது பாருங்க."

சதீஷ்குமார் துணியைப் பார்த்தார். இன்சார்ஜ் முகத்தைப் பார்த்தார். "ஆமாங்க சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மெய்யாலுமே தெரியுதுங்களா?"

"மெய்யாலுமேங்க சார். என்னுங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? பளிச்சுன்னு தெரியுதுங்க."

மகுடேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோடு துணியில்தான் இருக்கிறது, தலையில் இல்லை! ஒரு டேமேஜைக் கண்டு இப்படிச் சந்தோஷப்பட்ட செக்கிங் இன்சார்ஜ் அதற்கு முன் இருந்திருக்க மாட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று செக்கிங் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் ஆமாங்க என்றார்கள். பீகாரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், கேள்வி என்னவென்றே புரியாமல் "ஆமாங்க" என்றாள். இந்த ஊரில் அவள் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் அதுதான். அதுவே போதுமானதாகவும் இருந்தது.

"செரி, அம்பு ஒட்டுங்க" என்றார்.

ஒட்டினார்கள். ஒருவர் இடது ஓரத்தில், ஒருவர் வலது ஓரத்தில், ஒருவர் பக்கத்து ரோலில். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் துணிக்கு அம்மை போட்டதுபோல ஆகிவிட்டது. மகுடேஸ்வரன் தாடையைத் தடவினார். "ஓடுற கோடுங்க இது. அதுதான் ஆளுக்கொரு எடத்துல புடிச்சிருக்கீங்க."

அன்று சாயங்காலம் தலை வெடிக்கிற மாதிரி வலித்தது. ஆனாலும் நிம்மதியாக வலித்தது.

துணியை நெய்து கொடுத்தவர் நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் கைருதீன். மறுநாள் வந்து, அம்புகளுக்கு நடுவே துணியைத் தேடிப் பிடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க மகுடேஸ்வரண்ணா, கோடு எப்படிங்க போகுது?"

"பாம்பாட்டம் வளைஞ்சு வளைஞ்சு போகுது பாய்."

"எம்பட மிஷின் வட்டமாச் சுத்துறதுங்க. ஊசி ஒடிஞ்சா நேர்கோடு விடும். வளைஞ்சு போறதுக்கு அதுக்குத் தெரியாதுங்களே."

"புதுசாக் கத்துக்கிச்சாட்ட இருக்குது."

கைருதீன் கம்பெனி ஆட்களைப் பார்த்தார். அத்தனை தலையும் ஆமாம் என்று ஆடின. "நீங்க இருக்குதுன்னு சொன்னா இருக்கத்தானுங்க செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷினைப் பிரித்து எல்லா ஊசியையும் மாற்றினார்.

அடுத்த லாட்டுத் துணி சுத்தமாக வந்தது. மகுடேஸ்வரன் போன் போட்டுப் பாராட்டினார். அதற்கடுத்த லாட்டில் கோடு மறுபடி வந்தது. கைருதீன் எண்ணெயை மாற்றினார், நூலை மாற்றினார், மிஷினை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

இப்படியே போயிருக்கும். ஐப்பசியில் ஒரு நாள் மகுடேஸ்வரன் கேண்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்தார். தயிர்சாதம். அதன் நடுவில், ஊறுகாயைச் சுற்றிக்கொண்டு, அதே கோடு ஓடியது.

மூடியை மூடினார். மூடிமேல் ஓடியது. சுவரைப் பார்த்தார். சுவரில் ஓடியது. எதிரே சதீஷ்குமார் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மூக்கின் குறுக்கே ஓடியது.

மகுடேஸ்வரன் மெதுவாக டிபன் பாக்ஸை அவர் பக்கம் தள்ளினார். "சதீசு, இந்தத் தயிர்சாதத்துல ஏதாச்சும் கோடு தெரியுதுங்களா?"

சதீஷ்குமார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து இன்சார்ஜ் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க சார். லேசாத் தெரியுதுங்க."

மகுடேஸ்வரன் டிபன் பாக்ஸைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். அப்படியானால் இத்தனை நாளும் யாருமே எதையுமே பார்க்கவில்லை. கோடு தலையில்தான். அதைவிடக் கொடுமை, தலை கெட்டுவிட்டதா இல்லையா என்று உண்மையைச் சொல்ல அந்தக் கம்பெனியில் ஒரு நாக்கும் இல்லை. வீட்டுக்குப் போய் தெய்வாத்தாளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "ஒண்ணுமில்லீங்க மாமா, எல்லாஞ் செரியாப் போயிரும்" என்றார் தெய்வாத்தாள். தோசைக்காக வாழ்நாளெல்லாம் சண்டை போட்டவர் இப்படிப் பதவிசாகப் பேசியதும் அவருக்கு முடிவே தெரிந்துவிட்டது. அன்றைக்குக் குழம்பில் முருங்கைக்காய் வேறு.

டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் சகாயராஜ். தூத்துக்குடிக்காரர். துணைக்குச் சதீஷ்குமாரை அழைத்துக்கொண்டு மகுடேஸ்வரன் போனார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். வழுக்கையின் இடது பக்கம் அங்கங்கே சிவப்பு அம்புகள்.

"என்னது இது?"

"வலிக்கிற எடமுங்க. சொல்றப்ப வார்த்தை மறந்துருதுங்க. அதான் ஒட்டிட்டே வந்துட்டேன்."

டாக்டர் ஒவ்வொன்றாக உரித்துப் போட்டுவிட்டு, கண்ணில் லைட் அடித்தார், முட்டியில் தட்டினார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். "எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துருவோம்" என்றார். ஸ்கேன் வந்ததும் விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

மகுடேஸ்வரன் நாற்காலியை முன்னால் இழுத்தார். விளக்கொளியில் ஒன்றை மாட்டிவிட்டு அவரைச் சும்மா இருக்கச் சொன்னால் எப்படி? "இந்த எடத்துல ஷேடு மாறுதுங்களே டாக்டர்?"

"எல்லா மூளையிலயும் அப்படித்தான் இருக்கும்."

"அப்ப அப்ரூவ்டு சாம்பிளக் காட்டுங்க. வெச்சு ஒத்துப் பாத்துக்கறேன்."

"மூளைக்கு ஏது சாம்பிளு?"

"சரக்கு வாங்கற பையர் ஓகே பண்ணுன பீஸ் ஒண்ணு இல்லாம, இத்தன பேரு தலைய நீங்க எப்படிங்க பாஸ் பண்றீங்க?" மகுடேஸ்வரன் திரும்பினார். "சதீசு, நீங்க ஒருக்கா அந்த மிஷினுக்குள்ள படுத்து எந்திரிங்க."

"ஆமாங்க சார்" என்று சதீஷ்குமார் பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

"யாரும் படுக்க வேண்டாம்" என்றார் டாக்டர்.

மகுடேஸ்வரன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு வெறும் சுவரைக் காட்டி, "அங்க ஒரு கோடு ஓடுது. தெரியுதுங்களா டாக்டர்?" என்றார்.

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாத்தான் பாக்குதேன். அங்கன ஒண்ணும் இல்ல."

"லேசா இருக்குதுங்க டாக்டர்" என்றார் பின்னாலிருந்து சதீஷ்குமார்.

"எனக்கும் தெரியலீங்க" என்றார் மகுடேஸ்வரன். "சும்மா கேட்டுப் பாத்தேன். இப்ப நீங்க என்ன சொன்னாலும் நம்புவேனுங்க."

அத்தனை வாரத்தில் அவர் காதில் விழுந்த முதல் 'இல்லை' அது. அதைக் கேட்டதுமே பாதி வலி போய்விட்டது.

டாக்டர் ஒரு தாளை எடுத்து, பல் பல்லாக வளைத்து ஒரு கோடு வரைந்தார். "நீங்க பாத்தது இப்படியா?"

மகுடேஸ்வரன் தாளைக் கையில் வாங்கினார். அதே கோடு. அதே பல், அதே வளைவு. கைருதீன் மிஷின் நெய்த மாதிரியே இருந்தது.

"ஒத்தத் தலைவலி" என்றார் டாக்டர். "சிலருக்கு வலி வர்றதுக்கு முன்ன கண்ணுல இப்படி மினுங்கும். வெரல் மதமதக்கும், பேச்சு தடுமாறும். ஆனா இதே மாதிரி வேற பெரிய சீக்கும் ஆரம்பிக்கும். அதனால மொத நாளே வந்திருக்கணும் நீங்க. ஏன் இத்தன நாள் பயந்துக்கிட்டு இருந்தீங்க? மாத்திரை எழுதித் தாரேன். நேரத்துக்குச் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க."

"இனி வராதுங்களா?"

"குறையும். எப்பவாவது வரும்."

"வந்தா, துணியில இருக்குதா தலையில இருக்குதான்னு எப்படிங்க கண்டுபுடிக்கிறது? எம் பொழப்பே அதுதானுங்களே."

இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் கிடையாது. டாக்டர் தாமாகவே ஒன்று சொன்னார். "கண்ண மூடுங்க. கோடு போயிட்டா துணி. போகலைன்னா தலை."

மறுநாள் மகுடேஸ்வரன் செக்கிங் ஆட்களைக் கூப்பிட்டு, துணியில் கோடே இல்லை, எல்லாம் தன் தலையில் இருந்தது என்று சொன்னார். "ஆமாங்க சார்" என்றார்கள். அவரவர் ஒட்டிய அம்பை அவரவர் உரித்தார்கள். கைருதீனை வரவழைத்து விஷயத்தைச் சொன்னார். கைருதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப உங்களுக்குத் தலைவலி வந்ததுக்கு எம் மிஷின் மாத்திரை சாப்பிட்டிருக்குதுங்களாண்ணா?"

"தப்புத்தானுங்க பாய்."

"பரவாயில்லீங்க. அதுக்கும் இப்ப நல்லாத்தான் இருக்குது."

விஷயம் அதோடு நிற்கவில்லை. செக்கிங் இன்சார்ஜுக்குத் தலையில் ஏதோ கோளாறாம் என்று பையர் ஆபீஸ்வரை போய்விட்டது. ஆள் தேறுவாரா, மாற்றுவதா என்று பார்த்து வர அக்ஷரா என்ற பெண் அதிகாரியை அனுப்பினார்கள். அவர் மேஜைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். துணி ஓடியது.

மகுடேஸ்வரன் கெட்ட நேரத்துக்கு, விரல் மதமதத்தது. கோடு வந்தது. அவர் மிஷினை நிறுத்தினார். கண்ணை மூடினார். கோடு போகவில்லை. திறந்து, துணியை ஓட விட்டார். கொஞ்ச தூரம் போனதும் மினுக்கத்துக்கு அப்பால் ஒரு கறுப்புப் புள்ளி. மறுபடி நிறுத்திக் கண்ணை மூடினார். கோடு மட்டும் இருந்தது, புள்ளி போய்விட்டது. திறந்தார், அம்பை உரித்து ஒட்டினார்.

அக்ஷரா லென்ஸ் வைத்துப் பார்த்தார். அம்பு முனையில் கடுகில் பாதி அளவு ஓட்டை.

"ஏன் அவர் கண்ணை மூடுறார்?" என்று மெல்லச் சதீஷ்குமாரிடம் கேட்டார்.

"மூடிப் பாத்தாத்தானுங்க மேடம் கரெக்டாத் தெரியும்."

அக்ஷரா மகுடேஸ்வரனுக்குக் கை கொடுத்தார். இவரை மாற்ற வேண்டியதில்லை, இவருடைய முறையைத்தான் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அந்தக் கம்பெனியில் செக்கிங் ஆட்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டுதான் துணி பார்க்கிறார்கள். மகுடேஸ்வரன் மட்டும், ஒருத்தராவது பார்க்க வேண்டுமே என்று, முடிந்தவரை திறந்தே வைத்திருக்கிறார்.