ஏழு நாளும் முப்பத்தொரு நாளும்

பாரிஸின் லா சப்பலில் நான் பதினான்கு மாதம் குடியிருந்த வீட்டுக்கு நான்கு சில்லும் ஒரு ஸ்டியரிங்கும் இருந்தன. எஞ்சின் செத்துப்போயிருந்தது. கட்டிலும் அடுப்பும் வைத்த பழைய கம்பிங் கார் அது. நான் கோப்பை கழுவிய உணவகத்தின் முதலாளி, அதைப் பழைய இரும்புக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் அலைச்சலுக்குப் பஞ்சிப்பட்டு என்னிடம் தந்தார். அதற்கு முன் எட்டுப் பேர் இருந்த அறையில் ஒன்பதாவது ஆளாகப் படுத்தேன். வன்னிப் பதுங்குகுழிகளிலிருந்து வந்தவனுக்கு நெருக்கம் புதிதல்ல. ஆனாலும் கதவைச் சாத்திவிட்டுத் தனியே இருக்க ஓரிடம் வேண்டுமென்று ஏங்கிச் செத்தேன். அது கிடைத்தது.

ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. எந்த வாகனமும் தெருவில் ஒரே இடத்தில் ஏழு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெண் வருவார், டயரில் சோக்கால் கோடு போடுவார், எனக்கு 'பொன்ஜூர்' சொல்லுவார், போவார். ஆகவே ஞாயிறு காலைகளில் பழைய அறைக்காரர்கள் எல்லோரும் வந்து வண்டியை ஒரு கார் நீளம் தள்ளிவிடுவார்கள்.

முதல் ஞாயிறு பிரேக் பிடிக்காமல் முன்னால் நின்ற காரில் போய் இடித்தோம். தேங்காய் உடைக்காமல் தள்ளினால் இப்படித்தான் என்றார், அவர்களில் பலசரக்குக் கடையில் வேலை செய்த அண்ணை. அடுத்த வாரம் அவரே தேங்காயோடு வந்தார். எதிலும் இடிக்கவில்லை. அன்றோடு நான் தொலைந்தேன். கற்பூரம் வந்தது, சில்லுக்கடியில் தேசிக்காய் வந்தது, கண்ணாடியில் திருநீறு வந்தது, பிறகு அரோகராவும் வந்தது. எதிர்மாடியில் ஒரு பிரெஞ்சுக் கிழவி வாராவாரம் கோப்பியோடு வெளியே வந்து நின்று பார்த்தார்.

ஒரு திங்கட்கிழமை, கிளிநொச்சியில் அம்மா செத்துப்போனார் என்று தொலைபேசி வந்தது. அகதி வழக்கு முடியாதவன் எங்கே போவது? அழுகையும் வரவில்லை. வண்டிக்குள் தனியே இருந்தால் வரும் என்று நினைத்தேன். விட்டால்தானே! செத்தவீட்டுக்காரனைத் தனியே விடக்கூடாதாம். ஒருவன் எழும்ப மற்றவன் வந்து குந்தினான். பிளாஸ்கில் தேத்தண்ணீர், பெட்டியில் சோறு. நல்ல சனம், குறை சொல்ல முடியாது. எனக்குப் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது.

ஞாயிறு வந்தது. எல்லோரும் வந்தார்கள், ஒருவரும் வண்டியில் கை வைக்கவில்லை. தேங்காயையும் காணவில்லை.

"அண்ணை, இண்டைக்குத் தள்ளவேணும்" என்றேன்.

"செத்தவீட்டுத் துடக்கோடை தேர் இழுக்கிறதோ? முப்பத்தொரு நாள் கழியட்டும்."

"இது தேரில்லை அண்ணை. என்ரை வீடு."

அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "அப்ப அது செத்தவீடு. செத்தவீட்டை ஆர் தள்ளுறது?"

எனக்கு வந்த கோபத்தில் வண்டியை நானே தூக்கி எறிந்திருப்பேன், முடிந்திருந்தால். பிரெஞ்சுக்காரனுக்கு ஏழு நாள், எங்களுக்கு முப்பத்தொரு நாள். அவர்கள் போனபிறகு தனியே முதுகைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

செவ்வாய் மத்தியானம் வேலை முடிந்து வந்தபோது வண்டி இல்லை. கற்பூரம் எரிந்த கரியும் நசுங்கிய தேசிக்காய்த் தோலும் தெருவில் கிடந்தன. இழுத்துக்கொண்டு போனதைக் கிழவி மாடியிலிருந்து கையால் காட்டினார். செய்தி எப்படியோ கடைக்குப் போய், அண்ணை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் வெறும் இடத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

நான் நடைபாதை விளிம்பில் குந்தினேன். எட்டு நாளாக வராதது அப்போது வந்தது. வெட்கமில்லாமல், நடுத்தெருவில், அத்தனை பேருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதேன். அம்மாவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அண்ணை பக்கத்தில் குந்தி என்னைக் கட்டிப்பிடித்தார். துடக்கு அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"அழாதை தம்பி" என்றார். "வேறை வண்டி ஒண்டு பாப்பம்."

"ஓம் அண்ணை" என்றேன்.