பாட்டுக்காரரின் செத்தவீட்டில் பெரியம்மா

நல்லதுக்குச் சொன்னால் போகவேண்டும், கெட்டதுக்குச் சொல்லாமலே போகவேண்டும் என்பது பெரியம்மாவின் சட்டம். அது மொன்ட்ரியாலில் செல்லாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் 2004 அளவில், முன்பின் கண்டிராத ஒரு கியூபெக் பாட்டுக்காரரின் செத்தவீட்டுக்கு, பிரெஞ்சு கதைக்கவென்று பத்து வயதுப் பெட்டையான என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

பெரியம்மாவுக்கு டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையலறையில் வேலை. அங்கே ரேடியோவில் தினமும் காலையில் அந்த மனிதரின் கன்ட்ரி பாட்டு. கிற்றாரைத் தட்டிக்கொண்டு குதிரை, மழை, விட்டுப்போன பெண் என்று பாடுவார். பெரியம்மாவுக்கு ஒரு சொல் விளங்காது. "குரலிலை ஒரு அழுகை கிடக்குது பிள்ளை" என்பார்.

உடலை வைத்திருந்த மண்டபம் எங்கள் மொன்ட்ரியால்-நோர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பெட்டிக்குள் அவர் தொப்பியோடு படுத்திருந்தார், கால்மாட்டில் கிற்றார். சனமோ சான்ட்விச் சாப்பிட்டபடி பழைய பகிடிகள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. பெரியம்மா திகைத்துப்போனார்.

"ஐயோ, இந்த மனுசனுக்கு அழ ஒரு நாதியில்லையே!"

"வேண்டாம் பெரியம்மா" என்று அவர் சேலையைப் பிடித்தேன். கதவடியில் என் வகுப்புப் பெட்டை ஒருத்தி தாயோடு நின்றாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் முழுக்கக் கதை பரவும், என் மானம் கப்பலேறும். பெரியம்மாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? கொண்டையை அவிழ்த்துவிட்டு, பெட்டியைக் கட்டிப்பிடித்து, "என்ர ராசா, என்னைத் தனிய விட்டிட்டுப் போட்டியளே!" என்று ஒப்பாரி வைத்தார். சனத்தின் சான்ட்விச்சுகள் வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டன.

பாட்டுக்காரரின் மனைவி மெல்ல வந்தார். வெள்ளைத் தலை, சிவப்புச் சப்பாத்து. இவருக்குத் தன் கணவரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று என்னிடம் கேட்டார். நான் பெரியம்மாவைக் கேட்டு, அப்படியே பிரெஞ்சில் சொன்னேன்: ஏழு வருசம், ஒவ்வொரு நாளும் விடிய ஆறு மணிக்கு.

அந்த அம்மாவின் முகமும் சப்பாத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. பின்னால் நின்ற இரண்டு பெண்கள் கண்ணாலேயே கதைத்தார்கள்.

"ரேடியோவில்!" என்று கத்தினேன். "ரேடியோவில் மட்டும்தான்!"

அந்த அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மூன்று நாளாகத் தன்னை ஒருவரும் அழவிடவில்லை என்று சொல்லிப் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டார். பிறகு, இவர் என்ன சொல்லி அழுதார் என்று கேட்டார்.

நான் கெட்டிக்காரி. எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன், ஒன்றைத் தவிர: "சைக்கிளிலை பாண் வாங்கப் போனியளே ராசா, இன்னும் வந்து சேரேல்லையே." பாட்டுக்காரர் பெரிய ட்ரக்கில் சாய்ந்து நிற்கும் படம் அங்கே சுவரில் இருந்தது. அவருக்கு ஏது சைக்கிள், ஏது பேக்கரிப் பாண்? பெரியம்மா பிழையாக அழுதுவிட்டார், நான்தான் மானத்தைக் காப்பாற்றினேன் என்று வீடு வரும்வரை எனக்கு ஒரே புளுகமும் பெருமையும்.

யாழ்ப்பாணத்தில் ஒருநாள் காலை பெரியப்பா பாண் வாங்கப் போனவர் திரும்பி வரவேயில்லை என்பதும், பெரியம்மாவுக்குக் கட்டிப்பிடித்து அழ ஒரு பெட்டி அதுவரை கிடைக்கவே இல்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது.