அனுமதி கேட்கச் சொல்பவர்

என் அக்கா வீட்டுக்காரர் இணைய ஆலோசகர். அதாவது, இணையத்தில் யார் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று கம்பெனிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் விதி எழுதிக் கொடுப்பவர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'வரைவு'. வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவதற்குக்கூட வரைவு ஒன்றை ஃபிரிட்ஜில் ஒட்டி, வீட்டில் எல்லாரிடமும் கருத்துக் கேட்பார். அக்கா ஒருமுறை அதன் கீழே, "கருத்து இல்லை. பால் தீர்ந்துவிட்டது" என்று எழுதி வைத்தாள்.

மேடை ஏறினால் மனுஷன் வெளுத்து வாங்குவார். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பேச்சு ஒன்று உண்டு: பிள்ளைகளைக் கேட்காமல் அவர்கள் படத்தை இணையத்தில் போடாதீர்கள் என்று. அதில் திரையில் முதலில் வருவது அவருடைய சொந்த மகளின் படம். குளியலறைத் தரையில், தலை நிறைய சோப்பு நுரையோடு, வாயைப் பிளந்து அழுகிற சின்னக் குழந்தை. கூட்டம் சிரிக்கும். உடனே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "சிரிக்கிறீங்களே, இந்தக் குழந்தையை யாராவது கேட்டாங்களா?" என்பார். கைதட்டல் அள்ளும். அவரும் கேட்கவில்லை என்பது யாருக்கும் உறைக்காது. அவருக்கும்தான்.

அந்தப் பேச்சின் வீடியோ, இப்போது வளர்ந்துவிட்ட மகளின் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. படத்தை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். யாருக்காவது மார்க் குறைந்தால் வகுப்பு குரூப்பில் அந்த அழுமூஞ்சிதான் வந்து நிற்கும். பெண் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அப்பா, அந்த வீடியோவை எடுத்துடுங்க."

"அந்தப் படம்தாம்மா என் பேச்சுக்கே உயிர். பொதுநலன்னு ஒண்ணு இருக்கில்ல? எழுதிக் கொடு, ரெண்டு பக்கத்தையும் பார்த்துட்டுச் சொல்றேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் பேசிப் பார்த்தேன். எனக்கும் அதே 'பொதுநலன்' பதில்தான் கிடைத்தது. "மாமா, நாமளே புகார் கொடுத்துடலாமா?" என்றாள் அக்கா மகள். இருவரும் உட்கார்ந்து வீடியோ நிறுவனத்துக்குப் புகார் எழுதி அனுப்பினோம்.

அடுத்த வாரம் அத்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். அந்த நிறுவனம் சிக்கலான புகார்களை வெளி ஆலோசகர் ஒருவரிடம் தள்ளிவிடுமாம். அந்த ஒருவர் இவர்தான் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. முடிவு சொல்பவருக்குப் பேரையும் படத்தையும் காட்டமாட்டார்கள். காட்டினால் ஆள் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிடுவார்களாம். அந்த விதியை எழுதியதும் சாட்சாத் இவரே.

"கேளுங்க இந்த அநியாயத்தை! ஒரு ஆள், பெத்த பொண்ணு அழுற படத்தை ஊருக்கெல்லாம் காட்டிப் பேர் வாங்குறான். அந்தப் பொண்ணு பள்ளிக்கூடமே போகல. எடுத்துடுங்கன்னு கேட்டா, எழுதிக் கொடுன்றானாம். இப்படியும் ஒரு அப்பன் இருப்பானா?"

எனக்குப் புரையேறியது. அக்கா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். மகள் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அந்த அப்பாவை என்ன செய்யணும்ப்பா?" என்று கேட்டாள்.

"வீடியோவை எடுத்தா மட்டும் போதாது. ஆளோட கணக்கையே மூடணும்!" லேப்டாப்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். முடிவு போய்விட்டது.

ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பார், போன் கத்தியது. அவருடைய கணக்கை மூடிவிட்டார்கள். அதில் போட்டு வைத்திருந்த இத்தனை வருஷப் பேச்சும் போச்சு.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி எடுப்பாங்க?" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

போனைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், கடைசியாக மகளைப் பார்த்தார். அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"நீயாம்மா எழுதின?"

"ஆமாப்பா."

உட்கார்ந்துவிட்டார். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய், எனக்குப் பாவமாக இருந்தது. மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. அதுவும் அவரிடமேதான் வந்திருக்கும். செய்யவில்லை.

பெண் மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அத்தான் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நம்ம வீட்ல நடந்ததையே ஒரு பேச்சா பேசினா நாலு பேருக்குப் புத்தி வரும்னு தோணுது. உன் பேரைச் சொல்லமாட்டேன், படமும் கிடையாது. பேசட்டுமாம்மா?"

"வேண்டாம்ப்பா."

வாயைத் திறந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சரிம்மா" என்றார்.