பெல்ஜியம் வழியாகப் போனவள்

30.5.2022 – 19
20.4.2023 – 27
8.4.2024 – 33

இவை சமூக அறிவியலில் தாயம்மா வாங்கிய மதிப்பெண்கள். தேர்ச்சிக்கு 35 வேண்டும். மற்ற நான்கு பாடங்களையும் தனித்தேர்வராக முதல் தடவையிலேயே முடித்துவிட்டாள்.

எம்.கே.பி. நகர் குடியிருப்பில் ஏ பிளாக்கில் இருந்தாள். வயது நாற்பத்து மூன்று. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் ஒன்பது ஆண்டுகளாகப் பெருக்கும் வேலை. அங்கே கேட்டில் லாரி நம்பர் எழுதும் பதிவர் வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்டார்கள். இரண்டு முறை மனுப் போட்டாள். ‘சான்றிதழ் இல்லை’ என்று இரண்டு முறையும் கடிதம் வந்தது. 2025 மே மாதம் வரை இடத்தை நிரப்பாமல் வைத்திருப்பதாக சூப்பர்வைசர் மாசானம் சொல்லியிருந்தார். அதற்குமேல் அவராலும் முடியாது.

அவளைக் கவிழ்த்தது முதல் உலகப்போரின் காரணங்கள் என்ற எட்டு மதிப்பெண் கேள்வி. கைடில் இருந்த வரிசைப்படியே மனப்பாடம் செய்வாள். நடுவில் ஒரு பெயர் மறந்தால் மிச்சம் எல்லாம் போய்விடும். சாராயேவோவில் இளவரசரைச் சுட்டதும் ஆஸ்திரியா செர்பியாவுக்குக் கெடு வைத்ததும் நினைவில் நின்றன. இவர்கள் சண்டையில் ஒன்றும் செய்யாத பெல்ஜியத்துக்குள் ஜெர்மனி ஏன் புகுந்தது என்பது மட்டும் பிடிபடவில்லை.

2025 மார்ச் 16, ஞாயிறு. துணி ஊறப்போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். ‘பிரான்சுக்குச் செல்லும் வழி’ என்ற சொற்களைப் படித்ததும் நிறுத்தினாள்.

2019 ஜூன் மாதத் தண்ணீர்ப் பஞ்சம் நினைவுக்கு வந்தது. லாரி வருவதற்கு முன்பே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆளுக்குப் பதில் குடம் நிற்கும். ஒருத்தி குடத்தை இன்னொருத்தி காவல் காப்பது என்று ஒவ்வொரு பிளாக்குக்குள்ளும் வாய்மொழி ஒப்பந்தம் உண்டு. ஒருநாள் பக்கத்து வீட்டு யசோதராவின் குடம் மூன்றாவது இடத்திலிருந்து கடைசிக்குப் போயிருந்தது. நகர்த்தியது சி பிளாக் பெண். குடத்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறேன், எல்லார் முன்னாலும் மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன் என்றாள். யசோதராவுக்கு அதுவே போதும். தாயம்மாதான் விடவில்லை.

“நீ போய்க் கேளுக்கா. எவ வந்தாலும் நான் பின்னாடி கீறேன்.”

ஏ பிளாக் மொத்தமும் கிளம்பியது. சாலையை லாரி மறித்து நின்றதால் சி பிளாக்குக்குக் குறுக்கு வழி ரஹீமுன்னிசாவின் இட்லிக் கடைதான். “இங்க வராதீங்கடி!” என்று அவள் கரண்டியோடு நின்றாள். முதலில் நுழைந்தவள் தாயம்மா. மாவுக் குண்டான் கவிழ்ந்தது. சண்டையைப் பார்த்த லாரிக்காரர் யாருக்கும் தண்ணீர் விடாமல் போய்விட்டார். அன்றிலிருந்து ரஹீமுன்னிசா அவளோடு பேசவில்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு இட்லிக் கடைக்குப் போனாள்.

“இன்னா தாயி, வழி தவறி வந்துட்டியா?”

“இல்லக்கா. அன்னிக்கு உன் குண்டான ஒதச்சது நான்தான். உன்மேல கோவமே இல்ல. நடுவுல இருந்துட்ட, அவ்ளோதான்.”

“அது எனக்கு அன்னிக்கே தெரியும். ஒனக்கு எவன் சொன்னான் இப்போ?”

“புக்குல கீது.”

“என் மாவுக் குண்டான் பத்தாங்கிளாஸ் புக்குல கீதா?”

தாயம்மா முழுக்கதையும் சொன்னாள். ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி கொடுத்த வாக்கு, செர்பியா பெரும்பாலும் ஒத்துக்கொண்டும் ஆறாத கோபம், ரஷ்யா படை திரட்டியது, கடைசியில் பெல்ஜியம். ரஹீமுன்னிசா தட்டில் மாவை ஊற்றியபடியே கேட்டாள்.

“அப்போ நான் பெல்ஜியம். யசோதரா ஆஸ்திரியா. நீ?”

“ஜெர்மனிக்கா.”

“மூஞ்சியப் பாரு ஜெர்மனி!” ரஹீமுன்னிசாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு கேட்டாள்: “போன தபா இன்னா எழுதின?”

“செர்பியாமேலதான் தப்புன்னு அர பக்கம்.”

“அதான் ஊத்திக்கிச்சி. ஒருத்தியக் கைகாட்டிட்டு ஓடாத. யாரு யாரு இன்னா வாக்கு குடுத்தா, யாரு நிறுத்திருக்கலாம், அதச் சொல்லு. எங்க, மறுபடி சொல்லு. தப்பா சொன்னா இட்லி கெடையாது.”

அதன்பின் நாள் தவறாமல், இட்லி வேகும் நேரத்தில் தாயம்மா பாடம் ஒப்பித்தாள். தேர்வுக்கு முந்தைய நாள் ஏப்ரல் 14. அம்பேத்கர் பிறந்தநாள் மேளத்தில் அவள் வீட்டில் படிக்க முடியவில்லை. ரஹீமுன்னிசா தன் பின்னறையைத் திறந்துவிட்டாள்.

15.4.2025, செவ்வாய். அந்தக் கேள்வி வந்தது. தாயம்மா துப்பாக்கிச் சூட்டில் தொடங்கவில்லை. அதற்கு முன்பே கூட்டணிகள் ஒருவருக்கொருவர் கொடுத்திருந்த வாக்குகளில் தொடங்கினாள். ஜூன் 28 முதல் ஆகஸ்ட் 4 வரை முப்பத்தேழு நாட்கள். அதில் யார் யார் நிறுத்தியிருக்கலாம் என்பதற்குத் தனிப் பத்தி எழுதினாள். மொத்தம் நான்கு பக்கம்.

மே 16 அன்று முடிவு வந்தது: 47. மறுநாளே மதிப்பெண் பட்டியலின் நகலை மனுவோடு இணைத்து யார்டு அலுவலகத்தில் கொடுத்தாள். மே முடிந்தது. பதில் இல்லை. இடம் போய்விட்டது என்றே நினைத்து ஜூன் முதல் வாரமும் துடைப்பத்தோடு வேலைக்குப் போனாள்.

கேட் பதிவர் வேலைக்கான ஆணை அவள் பெயருக்குப் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது 9.6.2025, திங்கட்கிழமை.