பூச்சாட்டிய ஊரைத் தாண்டிய அக்கா

எங்கள் அக்கா புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். அத்தை மகனையே மணந்து அதே ஊரில் வாழ்ந்தார். மாமா லாரியில் வடக்கே லோடு போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். காடும் மாடும் அக்காவின் பொறுப்பு. டிராக்டர் ஓட்டத்தான் ஆள் தேடி அலையவேண்டும்.

"நானே ஓட்டறேனுங்க" என்றாராம் அக்கா.

"ஓட்டு. செவுத்தை இடிச்சா நீதான் கட்டோணும்" என்று மாமா சிரித்தாராம்.

முதல் வாரமே மாட்டுக்கொட்டகைச் சுவர் விழுந்தது. மாமா கொத்தனாரைக் கூப்பிடக் கிளம்பினார். அக்கா விடவில்லை. தானே மண் குழைத்து எழுப்பினார். சுவர் கோணல்தான். ஆனால் நின்றது.

அக்காவைப் பற்றி அடக்கமாக எழுது என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஆனால் என் பிரசவ நாளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு துள்ளுகிறது. அக்காவின் நினைவு மலரில் இதை எழுதலாமா, கூடாதா? பலமுறை யோசித்துவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

தலைப்பிரசவத்துக்கு நான் தாய்வீடு வந்திருந்தேன். மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டியிருந்தார்கள். பூச்சாட்டிவிட்டால் நோன்பி முடியும்வரை ஊரார் யாரும் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. அந்த வாரத்தில் ஒரு மதியம் எனக்கு வலி கண்டது. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்து முகம் மாறினார். "கொழந்தை குறுக்கே கெடக்குது. ராசிபுரம் ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க."

அம்மா தயங்கினார். "அங்க தங்கோணுமே! பெரியப்பாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு..." கோயில் காரியங்களைப் பார்ப்பவர் எங்கள் பெரியப்பா.

"கேட்டா அவருக்குத்தான் சங்கடம். போயிட்டு வந்து நான் சொல்லிக்கறேன். வைக்கோலை அள்ளிப் போடுங்கம்மா!" என்றார் அக்கா.

டிரெய்லரில் வைக்கோல், அதன்மேல் பாய், அம்மா மடியில் நான். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். எதிரே வந்த சைக்கிள்காரர் இறங்கி நின்று, "பொம்பளையா ஓட்டறது!" என்று வாய்பிளந்தார். "ஆமாங்க, ஒதுங்குங்க!" என்று அக்கா கத்தினார். "மெதுவாக்கா" என்று அலறினேன். வலி ஏறியதும் "வேகமாக்கா!" என்றேன். "ஏதாச்சும் ஒண்ணு சொல்லுடி சாமி!" என்றார். அந்த வலியிலும் மூன்று பேரும் சிரித்தோம்!

ஆபரேஷன் செய்து மகளை எடுத்தார்கள். இருவரும் பிழைத்தோம். அன்று இரவு அக்கா ஆஸ்பத்திரியிலேயே தங்கினார்.

மறுநாள் ஊர் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் கோயிலுக்குப் போனார். நடந்ததைப் பிறகு பெரியம்மா சொன்னார். தப்பிக்கப் பெரியப்பாவே வழிகாட்டினாராம். "பொழுதோட வந்து ஊர் எல்லையை மிதிச்சுட்டுத்தான் திரும்பிப் போனேன்னு சொல்லிரு கண்ணு. யாரு பாத்தா?"

"இல்லீங்க பெரியப்பா. தங்கினேனுங்க. அம்மாவையும் தங்கச்சியையும் ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

அந்த ஆண்டு அக்கா பூவோடு என்னும் தீச்சட்டி எடுக்கக்கூடாது என்று தீர்ப்பானது. மணமான நாளிலிருந்து ஓர் ஆண்டும் தவறாமல் நெருப்புச் சட்டியை ஏந்தியவர், அவ்வாண்டு தெருவில் நின்று மற்றவர்கள் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

"வருத்தமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குது. என் இஷ்டத்துக்குப் போனேன். அதுக்கு நான்தானே நிக்கோணும்?"

மேடையில் சுதந்திரத்தைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. இன்று மகள் படி இறங்கினாலே பின்னால் ஓடுகிறேன். பிடிப்பதா, விடுவதா என்று தினமும் குழம்புகிறேன்.

சென்ற ஆண்டு மஞ்சள்காமாலை அக்காவைச் சில வாரங்களில் கொண்டுபோய்விட்டது. கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்த மாமாவுக்கும், பத்தியக் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், அன்று என்னையும் மகளையும் பிழைக்கவைத்த மருத்துவச்சிக்கும் ராசிபுரம் டாக்டரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்லவேண்டும். இந்த ஆண்டு பூச்சாட்டின்போது பெரியப்பா எழுந்து, "பிரசவத்துக்கும் சீக்குக்கும் போறவங்க தாராளமாத் தங்கிட்டு வரலாம். சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். கூட்டம் ஏற்றுக்கொண்டது. மாமா மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.